கல்லீரல் கேள்வி-பதில்: பவுடரை மூடி வையுங்கள்

ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். எஸ்ஜிபிடி 32தான். வைரஸ் அடங்கிவிட்டதா? (பெரம்பூர் வாசகி)

அப்படிச் சொல்ல முடியாது. இந்த வைரஸ் கல்லீரல் செல்லைத் தானாகக் கொல்வதில்லை. அது குடியேறிய செல்லைத் தேடிப் பிடித்து அழிப்பது நம் எதிர்ப்பு சக்தியின் படைவீரர்களான டி செல்கள். உடைந்த செல்லிலிருந்து கசியும் என்சைம்தான் எஸ்ஜிபிடி. 32 என்றால் இப்போதைக்குச் சண்டை இல்லை, அவ்வளவே. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டும் வைரல் லோடு டெஸ்ட் பாருங்கள்.

நண்பனுக்கும் பி வந்தது, போய்விட்டது. எனக்கு ஏன் போகவில்லை? (ஆதம்பாக்கம்)

பெரியவரான பிறகு தொற்றினால் 100க்கு 95 பேர் துரத்திவிடுவார்கள். பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வந்தால் 100க்கு 90 பேருக்குத் தங்கிவிடும். வருஷக்கணக்கில் அதே வைரஸைப் பார்த்துப் பார்த்து டி செல்களும் சோர்ந்துபோகும். கூடப் பிறந்தவர்களுக்கும் டெஸ்ட் எடுங்கள்.

கீழாநெல்லியோடு எதிர்ப்பு சக்தி கூட்டும் பவுடரும் சாப்பிடுகிறேன். பி-க்கான மாத்திரையை நிறுத்தலாமா? (தாம்பரம்)

மாதம் பத்துப் பேராவது இதைக் கேட்கிறீர்கள். எதைக் கூட்டப் போகிறீர்கள்? கல்லீரலைப் புண்ணாக்குவதே அந்தச் சக்திதானே!

தண்ணீரில் பரவும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். நெல்லிக்காயளவு அரைத்து மோரில் கலக்கிக் குடித்த கீழாநெல்லிக்குப் பேர் வந்துவிடும். பி-க்கும் 1988-ல் சென்னைக் குழு ஒன்று லான்செட் மருத்துவ இதழில் எழுதியது: 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் சுமார் 60 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்ததாம். ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தப் பாதியை மட்டும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

மாத்திரை வைரஸ் பெருகுவதைத்தான் அடக்குகிறது. செல்லின் கருவுக்குள் அதன் மூலப் பிரதி பத்திரமாக இருக்கும். நிறுத்தினால் வைரஸ் பொங்கும், டி செல்கள் விழித்துப் பாயும். போன மாதம் ஒருவர், பையில் பவுடர் டப்பாவோடு வந்தார். கண் மஞ்சள் பூத்திருந்தது, எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லவும்.

பாதிப் பக்கம்தான் வந்திருக்கிறது. வயது இல்லை, தேதி இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

ஹெபடைடிஸ் சி குணமாகி ஒரு வருஷம். ஆன்டிபாடி இன்னும் பாசிட்டிவ்?

அது பழைய தொற்றின் தழும்பு, போகாது. வைரஸ் இப்போது இருக்கிறதா என்று காட்டும் ஆர்என்ஏ டெஸ்ட்தான் கணக்கு. அந்த ஆன்டிபாடி காவல் காக்காது, சி மறுபடியும் வரலாம்.

மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு எழுதியிருக்கிறார்கள். பி இருந்தால் பரவாயில்லையா?

எழுதிய டாக்டரிடம் முதலில் பி இருப்பதைச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும், அந்த நேரம் அடங்கிக் கிடக்கும் வைரஸ் கிளம்பலாம். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

அண்ணனுக்கு பி. அவர் டம்ளரைத் தனியாக வைத்திருக்கிறோம், சரிதானே?

தவறு. டம்ளரால் பரவாது. ரேஸரையும் பல் பிரஷையும் தனியாக வையுங்கள். நீங்கள் டெஸ்ட் எடுத்து, இல்லையென்றால் மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.