பத்தால் வகுத்தால் பார்படாஸ்

கேள்வி: ஜமைக்காவும் பார்படாஸும் ரம்முக்குப் பெயர் போன கரீபியன் தீவு நாடுகள். இரண்டின் மதுபான ஏற்றுமதியையும் மக்கள்தொகையால் வகுத்துப் போட்ட ஒரு பட்டியலைப் பார்த்தேன். பார்படாஸ் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. சின்னத் தீவு பெரிய தீவை மது வியாபாரத்தில் வென்றுவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: வென்றது வகுத்தல் கணக்கு.

பார்படாஸில் சுமார் 2.8 லட்சம் பேர், ஜமைக்காவில் சுமார் 28 லட்சம் பேர். ஜமைக்கா 10 டாலருக்கு விற்கும்போது பார்படாஸ் ஒரு டாலருக்கு மேல் ஒரு சென்ட் கூடுதலாக விற்றாலே உங்கள் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். ஒரு நாட்டின் பிழைப்பு ஒரு சரக்கை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று பார்க்க இந்த வகுத்தல் உதவும். கெட்டிக்கார வியாபாரி யார் என்று அது சொல்லாது. ஏற்றுமதியாகிற ரம்மை அந்த ஊர்க்காரர்களா குடிக்கிறார்கள், அவர்கள் தலையை எண்ணி வகுப்பதற்கு?

அதற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன். பட்டியல் போட்டவர் 'மதுபானம்' என்று எதையெல்லாம் சேர்த்தார்? உலகச் சுங்க வகைப்பாட்டின் 22-ஆம் அத்தியாயத்தில் ரம், பீர், ஒயின் இருக்கின்றன. மினரல் வாட்டரும் வினிகரும்கூட அங்கேதான் இருக்கின்றன. காருக்கு எரிபொருளாகும் எத்தனாலும் அதே அத்தியாயம்தான். ஜமைக்கா விஷயத்தில் இந்த எத்தனால் பெரிய வில்லங்கம். பிரேசில் தன் எத்தனாலை அமெரிக்காவுக்கு நேரே அனுப்பினால் ஒரு கேலனுக்கு 54 சென்ட் வரி இருந்தது. கரீபியன் நாடுகள் வழியாகப் போனால் ஒரு வரம்புவரை வரி இல்லை. ஆகவே பிரேசில் சரக்கை ஜமைக்கா வாங்கி, அதிலிருந்த தண்ணீரை நீக்கி, அமெரிக்காவுக்கு அனுப்பியது. 2011 முடிவில் அந்த வரி காலாவதியானது. வியாபாரத்தின் ஆதாயமும் அதோடு போயிற்று. அந்த ஆண்டுகளின் மொத்தத்தை எடுத்து 'ஜமைக்காவின் மது ஏற்றுமதி' என்று எழுதினால், கார் எஞ்சினில் எரிந்ததையும் யாரோ குடித்ததாகக் கணக்கு வரும்.

பீரிலும் இதே கூத்து. ரெட் ஸ்ட்ரைப் ஜமைக்காவின் அடையாளம். ஆனால் அமெரிக்கச் சந்தைக்கான ரெட் ஸ்ட்ரைப் 2012-இல் பென்சில்வேனியாவுக்குப் போய், அங்கேயே காய்ச்சப்பட்டது. நெதர்லாந்து பீர் நிறுவனமான ஹைனகென் கைக்கு வந்த பிறகு 2016-இல்தான் தாய்வீடு திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பாட்டிலில் ஜமைக்கா இருந்தது, ஏற்றுமதிக் கணக்கில் இல்லை.

சரி, இதையெல்லாம் கழித்துவிட்டு ரம்மை மட்டும் லிட்டரில் ஒப்பிடலாமா? ஜமைக்காவின் ரே அண்ட் நெஃப்யூ ஓவர்ப்ரூஃபில் ஆல்கஹால் 63 சதவீதம். பார்படாஸ் ரம்மை வைத்துப் பெயர் வாங்கிய மாலிபு தேங்காய் மதுவில் 21 சதவீதம். அது ஒரு லிட்டர், இதுவும் ஒரு லிட்டர். உள்ளே இருக்கும் சாராயம் மூன்று மடங்கு வித்தியாசம்.

பீப்பாயில் முதிரவைத்த ரம் என்றால் சிக்கல் இன்னும் கூடும். கரீபியன் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 6 சதவீதம் ஆவியாகிவிடும். நீங்களே கணக்குப் போடுங்கள்: 100 லிட்டர் பத்து ஆண்டில் 54 லிட்டராகிவிடும். ஸ்காட்லாந்துக் குளிரில் ஆண்டுக்கு 2 சதவீதம் என்று வைத்தால் 82 லிட்டர் மிஞ்சும். ஆகவே தன் ஊரிலேயே பொறுமையாக முதிரவைத்து, பாட்டிலில் அடைத்து, நல்ல விலைக்கு விற்கிறவன் லிட்டர் கணக்கில் தோற்பான். வடித்த கையோடு டேங்கரில் ஐரோப்பாவுக்கு அனுப்பியவன் ஜெயிப்பான். 'பார்படாஸ் ரம்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு வாங்குவதில் அந்நாட்டு வடிசாலைகள் மோதிக்கொண்டதும் இதில்தான்: வெளிநாட்டில் முதிர்ந்த சரக்குக்கு அந்தப் பெயர் உண்டா, கிடையாதா என்று.

ஆனால் டேங்கரில் போகும் மொத்தச் சரக்கு என்றாலே மட்டம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஜமைக்காவின் ஹாம்ப்டன் எஸ்டேட் வடிசாலையில் காற்றிலிருந்து வரும் ஈஸ்டை நம்பி, பழைய மரத் தொட்டிகளில் நாள்கணக்காகப் புளிக்கவைக்கிறார்கள். முந்தைய வடிப்பில் மிஞ்சிய கசடு நீரையும் சேர்க்கிறார்கள். அழுகத் தொடங்கிய அன்னாசி, கனிந்து கறுத்த வாழைப்பழம், கொஞ்சம் வார்னிஷ் வாடை. இந்த மணத்தைத் தருபவை எஸ்டர்கள். நூறு லிட்டர் தூய ஆல்கஹாலில் 1600 கிராம்வரை எஸ்டர் இருக்கலாம் என்பது ஜமைக்காவின் உச்ச வரம்பு. அதை அப்படியே குடிக்க முடியாது என்றுதான் நினைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனி ரம்முக்கு வரியை ஏற்றியது. ஜெர்மன் வியாபாரிகளோ, இந்தக் கெட்டிச் சரக்கைக் கொஞ்சமாக வாங்கி உள்ளூர்ச் சாராயத்தில் கலந்து விற்றார்கள். 'ரம் ஃபெர்ஷ்னிட்' என்ற அந்தக் கலவை இன்றும் உண்டு. அதிலுள்ள ஆல்கஹாலில் 5 சதவீதம் அசல் ரம்மிலிருந்து வந்தால் போதும். இருபது பங்கு போதையில் ஒரு பங்குதான் தீவுச் சரக்கு. ஆனால் மூக்குக்கு எட்டுவது முழுக்க அந்த ஒரு பங்கு. இதை எந்தக் கட்டத்தில் எழுதப் போகிறீர்கள்?

லாபம் எங்கே போகிறது என்பதும் உண்டு. 1703-ஆம் ஆண்டுப் பத்திரம் வைத்திருக்கும் பார்படாஸின் மவுன்ட் கே வடிசாலை, பிரான்ஸின் ரெமி குவான்ட்ரோ கையில். ஜமைக்காவின் ஆப்பிள்டன் ரம், 2012 முதல் இத்தாலியின் காம்பாரி கையில். போதாக்குறைக்கு, பார்படாஸ் வடிசாலைகள் ரம் வடிக்க வேண்டிய கழிவுப்பாகில் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) பெரும்பகுதி இறக்குமதி. கரும்புத் தோட்டங்களால் எழுந்த தீவு அது!

ஆகவே ஒன்று செய்யுங்கள். அதே சுங்க வகைப்பாட்டில் 2208.40 என்ற ரம் எண்ணை மட்டும் எடுங்கள். மொத்த மதிப்பை லிட்டரால் வகுத்து, லிட்டருக்கு என்ன விலை கிடைத்தது என்று இரு நாட்டுக்கும் பத்து ஆண்டுக்குப் பாருங்கள். பாட்டிலில் போனது எவ்வளவு, டேங்கரில் போனது எவ்வளவு என்று பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. எழுதி அனுப்பினால் பிரசுரிக்கிறேன். தலைக்கணக்கு மட்டும் வேண்டாம்.