பைபிள் முதன்முதலில் எந்த இந்திய மொழியில் அச்சானது?
தமிழில்தான், அதுவும் முதலில் பைபிளின் பிற்பகுதியான புதிய ஏற்பாடு மட்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். 1708இல் மொழிபெயர்ப்பைத் தொடங்கி 1711இல் முடித்தார்.

சரி, அச்சிட வேண்டுமே? அதுதான் பெரும்பாடு. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவை, காகிதமோ தட்டுப்பாடு. அப்புறம் பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். (எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம் இதுதான்.) 1715இல் அச்சு வேலை முடிந்தது.

பைபிளின் முற்பகுதியான பழைய ஏற்பாட்டில் ரூத் என்ற நூல் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில் 1719இல் சீகன்பால்கு இறந்தார். மீதியை முடித்தவர் இன்னொரு ஜெர்மானிய மதபோதகர் பெஞ்சமின் சூல்ட்சே. பின்னால் வந்த பெப்ரிசியஸ்தான் மொழிநடையைச் செப்பனிட்டார்.