பின்சீட்டில் படம், முன்சீட்டில் பாட்டு: வாசகர் கேள்வி-பதில்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் கார் ஆடியோ கடை நடத்தும் நம் எலக்ட்ரீஷியன் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

செகண்ட் ஹேண்டில் ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கினோம். கூரையில் மடக்கும் டிவி இருக்கிறது. அதைப் போட்டால் பின்பக்க ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடுகின்றன. படம் மட்டும் ஓடுகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?
*— வாசகி, நெல்லிக்குப்பம்*

ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா. கம்பெனியிலேயே கூரைத் திரையோடு வரும் பல வண்டிகளில், முன்சீட்டுக்கு ஒன்று, பின்சீட்டுக்கு ஒன்று எனச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வசதி உண்டு. பின்சீட்டு ஆடியோவை ஆன் செய்ததும் பின்பக்க ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும், சத்தம் ஹெட்போனுக்கு மட்டும் போகும். ஓட்டுபவர் தன் பாட்டை முன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொள்ளலாம். வண்டியை விற்றவர் ஹெட்போனைக் கொடுக்காமல் விட்டிருப்பார், அதனால் உங்களுக்கு ஊமைப்படம் ஓடுகிறது. 'ஸ்பீக்கர் செத்துப்போச்சு' என்று கடைக்கு வரும் இந்த மாதிரி வண்டிகளில் நான் ஸ்குரூ டிரைவரையே எடுப்பதில்லை. பட்டனை அழுத்திக் காட்டி அனுப்பிவிடுவேன்.

எல்லாரும் சேர்ந்து படம் கேட்க வேண்டுமென்றால் பின்சீட்டு ஆடியோவை அணையுங்கள். அப்புறம் முன்னால் இருக்கும் செட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, படம் எதில் ஓடுகிறதோ அதற்கு, டிஸ்க் என்றால் டிஸ்க், ஆக்ஸ் (வெளியிலிருந்து ஒயர் செருகும் துளை) என்றால் ஆக்ஸ், கொண்டு வாருங்கள். எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வந்துவிடும்.

தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் ஹெட்போன் வாங்க வேண்டியதுதான். அவசரப்பட்டு வாங்காதீர்கள். பழைய கூரைத் திரைகள் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரில்தான் சத்தத்தை அனுப்பும். அதற்கு இன்ஃப்ரா ரெட் ஹெட்போன் வேண்டும். வீட்டில் பையன் போனுக்கு வைத்திருக்கும் ப்ளூடூத் ஹெட்போன் சேராது. அந்த ஹெட்போனில் ஏ, பி என்றோ 1, 2 என்றோ சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும். திரை ஏ-யில் அனுப்பும்போது ஹெட்போன் பி-யில் இருந்தால் ஒரு சத்தமும் வராது. பிள்ளை மடியில் சாய்ந்து படுத்தாலும், நடுவில் யாராவது மறைத்தாலும் கரகரக்கும். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக நேரே அடித்தாலும் இரைச்சல் வரும். வெயிலிலும் அந்தக் கதிர் இருக்கிறதே! பின் ஜன்னலுக்கு வலைத்திரை மாட்டினால் குறையும்.

ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க சுலபமான வழி ஒன்று: போன் கேமராவுக்கு நேரே ரிமோட்டின் முனையைப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கேமராவில் மினுக்கும். பின்கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். இரண்டிலும் மினுக்கவில்லையா, முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் இதே வீட்டிலிருந்து இன்னொரு கடிதம் வரும். வண்டியில் பெரும்பாலும் ஒரே ஒரு ரேடியோ ட்யூனர்தான். அப்பா முன்னால் ஒரு எஃப்எம் கேட்கும்போது, பின்னால் இருப்பவர்கள் வேறு எஃப்எம் வைக்க முடியாது. அதே ஸ்டேஷனைக் கேட்கலாம், அல்லது டிஸ்க், ஆக்ஸ் என்று வேறு இடத்துக்குப் போகலாம். பட்டனைப் போட்டு அழுத்துவதால் பயன் இல்லை.

வேளாங்கண்ணிக்கு இரவில் போகும்போது படத்தின் வசனத்துக்கு நடுவே இலங்கை ரேடியோ பேசுகிறது. யாரும் ரேடியோவைப் போடவில்லை. என் மாமியார் வண்டியை மந்திரிக்க வேண்டும் என்கிறார்.
*— வாசகர், கடலூர் முதுநகர்*

மந்திரிப்பது உங்கள் விருப்பம். ஆனால் ரேடியோவைப் போட்டது நீங்கள்தான்.

உங்கள் திரை கம்பெனியில் வந்ததில்லை, வெளிக்கடையில் மாட்டியது என்று நினைக்கிறேன். அந்த வகையில் பலதும் முன் செட்டோடு ஒயரால் சேர்ந்திருக்காது. உள்ளே குட்டியாக ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் இருக்கும். திரையில் 88.3 என்று வைத்து, முன் செட்டிலும் 88.3 வைத்தால் படத்தின் சத்தம் ரேடியோ வழியாக வரும். மாட்டிக் கொடுத்தவர் கடலூரில் ஸ்டேஷன் இல்லாமல் காலியாக இருந்த ஒரு எண்ணில் வைத்துக் கொடுத்துவிட்டார். அதே எண் நாகூர், நாகப்பட்டினம் பக்கம் காலியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

எஃப்எம் அலை சாதாரணமாக அடிவானத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துக்கு மேல் போகாது. ஆனால் கடல் மேல், காற்று அசையாத இரவுகளில், ஈரமான குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று ஒரு அடுக்காக நிற்கும். அலை அதில் பட்டு வளைந்து திரும்பவும் கீழே வரும். அப்படியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கூடப் போகும். தெற்கே போகப் போக இலங்கையும் கிட்டத்தில் வந்துவிடுகிறது. கோடியக்கரைக்கு எதிரே பாக் நீரிணையைத் தாண்டினால் யாழ்ப்பாணம்தான். உங்கள் வண்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்குப் பலம் ரொம்பக் குறைவு. கடல் தாண்டி வருகிற ஸ்டேஷன் சில நேரம் அதை அமுக்கிவிடும்.

வழியில் வண்டியை ஓரம் கட்டி, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் எண்ணாகத் தேடி, திரையிலும் முன் செட்டிலும் மாற்றினால் அன்றைய இரவு சமாளிக்கலாம். நிரந்தரத் தீர்வு ஒயர்தான். முன் செட்டில் ஆக்ஸ் துளை இருந்தால் திரையிலிருந்து அங்கே ஒரு ஒயரை இழுத்துவிடுங்கள். சத்தமும் நன்றாக இருக்கும்.

ஒயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு, மறுமுனையில் ஒற்றைப் பின் உள்ள ஒயர் எல்லாம் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வரிசை வேறு. மஞ்சளில் படம், வெள்ளையில் இடது, சிவப்பில் வலது என்பது வழக்கம். படம் வராமல் ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று உறுமினால் ஒயரைத் தூக்கி எறியாதீர்கள். மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள், சில நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

64 ஜிபி பென் டிரைவில் பாட்டும் படமும் நிரப்பி வைத்தேன். வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என் நண்பனின் 16 ஜிபி மட்டும் ஓடுகிறது.
*— வாசகர், பண்ருட்டி*

64 ஜிபி பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற, ஃபைல்களை அடுக்கும் முறையில் வரும். பழைய செட்டுகளுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். 32 ஜிபியோ அதற்குக் குறைவோ வாங்கி ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யுங்கள், வம்பில்லை. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது, படத்தைச் சின்னதாக மாற்றித்தான் போட வேண்டும். படம் தெரிந்து சத்தம் வரவில்லை என்றால் அந்த ஃபைலில் உள்ள ஒலி வகை உங்கள் செட்டுக்குப் புரியவில்லை. எம்பி4-ஆக மாற்றினால் பெரும்பாலும் ஓடும்.

பாரிசில் இருக்கும் என் அண்ணன் ஹெட்ரெஸ்ட்டில் மாட்டும் டிவிடி பிளேயரும் ஒரு கார் ரேடியோவும் கொண்டு வந்தார். நான் வாங்கி வைத்திருந்த டிவிடிகளில் சில ஓடுகின்றன, சில ஓடவில்லை. ரேடியோவோ பாட்டை ஏற்காமல் ஸ்டேஷனைத் தேடிக்கொண்டே இருக்கிறது.
*— வாசகி, புதுச்சேரி*

புதுவையில் இது வருஷா வருஷம் வரும் கேள்வி. டிசம்பர் விடுமுறை முடிந்து அண்ணன் திரும்பிப் போனதும் தங்கை கடைக்கு வருவார். டிவிடிக்கு உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிரான்ஸ் 2, இந்தியா 5. உங்கள் பிளேயர் 2-க்கு மட்டும் என்று பூட்டியிருந்தால் 5 என்று அச்சடித்த டிஸ்க்கை எடுக்காது. எல்லாப் பகுதிக்கும் பொது என்று வந்த டிஸ்க் ஓடும்; தமிழ்ப் பட டிவிடிகளில் அப்படி நிறைய வந்திருக்கின்றன. டிஸ்க் உறையின் பின்பக்கம் உருண்டைப் படத்துக்குள் எண் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியோ கெட்டுப்போகவில்லை. ஐரோப்பிய செட்டுகளில் டிஏ (TA) என்று ஒரு பட்டன் இருக்கும். அங்கே ஸ்டேஷன்கள் பாட்டுக்கு நடுவே போக்குவரத்துச் செய்தி அனுப்பும், அதைப் பிடிப்பதற்காக. அது ஆனில் இருந்தால் சில செட்டுகள் அந்த வசதி உள்ள ஸ்டேஷனை மட்டும் தேடி அலையும். டிஏ-வை அணையுங்கள். பக்கத்தில் ஏஎஃப் (AF, அதே ஸ்டேஷனை வேறு எண்ணில் தேடுவது) இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். நல்லவேளை அண்ணன் பாரிசில் இருக்கிறார். ஜப்பானில் இருந்திருந்தால் அந்த ஊர் எஃப்எம் 76-இல் தொடங்கி 95-இலேயே முடிந்துவிடும், நம் ஸ்டேஷன்கள் பாதி அதற்குள் வராது.

சாவியை எடுத்ததும் ரேடியோவில் பதிந்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்துபோகிறது. ஆக்சிலரேட்டர் மிதித்தால் 'உய்ய்ய்' என்று கூடவே ஏறுகிறது.
*— வாசகர், வில்லியனூர்*

இரண்டு வேறு வியாதி. முதலாவது, மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் மாறியிருக்கின்றன. மஞ்சளுக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும், ஞாபகம் அதில்தான் நிற்கிறது. சிவப்பு சாவியோடு வந்து போக வேண்டும். இரண்டாவது, எர்த் சரியில்லை. ஆம்ப்புக்கு (சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) ஒரு இடத்திலும் செட்டுக்கு வேறு இடத்திலும் எர்த் எடுத்திருப்பார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு தெரிய, இறுக்கமாக ஒரே இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் பின்னால் படம் பார்த்தால் கிருமாம்பாக்கம் வருவதற்குள் வாந்தி எடுக்கிறார்கள். படம் போடாவிட்டால் சண்டை.
*— பெயர் வேண்டாமே, பாகூர்*

கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டி வளைவதையும் குலுங்குவதையும் உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்குக் காரணம். ஹெட்ரெஸ்ட் திரையைவிடக் கூரைத் திரை தேவலை. தலை நிமிர்ந்திருக்கும், ஓரக்கண்ணில் ரோடு தெரியும். மடியில் வைத்த போன்தான் எல்லாவற்றிலும் மோசம். பாகூர் ஏரிப் பக்கத்து வளைவுகள் முடிந்து மெயின் ரோடு ஏறிய பிறகு படம் போடுங்கள், அதுவரை கதை கேட்கட்டும். கதை கேட்டு வாந்தி எடுத்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஹெட்போன் சத்தத்தையும் கவனியுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75, வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. வண்டிக்குள் டெசிபல் அளக்க யாரிடம் கருவி இருக்கிறது? பிள்ளையின் காதிலிருந்து கழற்றிக் கை நீட்டிப் பிடியுங்கள். அங்கிருந்தே வசனம் புரிந்தால் குறைக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக் போட்டால்தான் முன்திரையில் படம் வருகிறது. ஓடும்போதும் வர ஒரு ஒயரை மாற்றினால் போதுமாமே, எது அது?
*— வாசகர், குறிஞ்சிப்பாடி*

தெரியும், சொல்ல மாட்டேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் ஓடியிருக்கும். உங்கள் பக்கத்து ரோட்டில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் போகிறது தம்பி.

2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்தபோது தென்பெண்ணைத் தண்ணீர் வண்டியில் சீட் வரை ஏறியது. கழுவிக் காயவைத்து ஓட்டினோம். அப்புறம் டிவி தானாக ஆன் ஆகிறது, நாலைந்து நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது.
*— வாசகர், கடலூர்*

பின்சீட்டுத் திரை கூரையில் இருந்தாலும் அதற்கான பெட்டியோ ஆம்ப்போ பல வண்டிகளில் சீட்டுக்கு அடியிலோ, கார்பெட்டுக்குக் கீழேயோ இருக்கும். தண்ணீர் வடிந்தாலும் சேறு கனெக்டருக்குள் தங்கிவிடும். பின்கள் பச்சை பூத்துப்போய், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரன்ட் கசியும். பெட்டி அதை 'ஆன் பண்ணு' என்று எடுத்துக்கொள்ளும்.

பேட்டரி நெகடிவ் ஒயருக்கு நடுவே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். இந்த நேரத்தில் சாவி போடக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கதவை மூடி, வண்டி தூங்கும் வரை, அதாவது உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகள் அடங்கும் வரை, காத்திருக்க வேண்டும். சில வண்டிகள் அரை மணி கூட எடுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. 300 காட்டினால், 40 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி ஐந்தாறு நாளில் காலி. நீங்கள் சொல்லும் கணக்கும் அதை ஒட்டித்தான் வருகிறது. அப்புறம் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ, அந்த லைன்தான். ஆடியோ லைன் என்றால் பெட்டியைக் கழற்றி, கனெக்டரை எலக்ட்ரானிக் கிளீனர் அடித்துப் பிரஷ் போட வேண்டும். பச்சை பின்னைத் தின்றுவிட்டிருந்தால் கனெக்டரையே மாற்ற வேண்டும். அதுவரை அந்த ஃபியூஸை வெளியே வைத்திருங்கள். பாட்டு இல்லாமல் வண்டி ஓடும், பேட்டரி இல்லாமல் ஓடாது.

தேவனாம்பட்டினம் பக்கம் கடலோரத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கு வெள்ளமே வேண்டாம், உப்புக்காற்று இதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும். அடுத்த முறை தண்ணீர் ஏறினால் 'பாட்டு வருதா' என்று சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். பெட்டிகள் பல போவது தண்ணீரில் இல்லை, அந்தத் திருப்பலில்தான். முதலில் பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள்.

புதிதாகத் திரை மாட்டலாமா, டேப்லெட் போதுமா?
*— வாசகி, அரியாங்குப்பம்*

டேப்லெட் போதும். என் வியாபாரத்துக்கு நஷ்டம்தான், ஆனாலும் அதுதான் சரி. நல்ல கிளாம்ப் வாங்கி, பிரேக் அடித்தால் கழன்று வராத மாதிரி ஹெட்ரெஸ்ட்டின் இரண்டு கம்பியிலும் பிடிக்க மாட்டுங்கள். வெயிலில் வண்டியை நிறுத்தும்போது கையோடு எடுத்துப் போய்விடுங்கள், பேட்டரி உப்பிவிடும்.