நேற்று நடத்திய பாடம் இன்று எங்கே போனது? ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நடத்தும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த வாரம் கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார்கள். கோளாறு என்னிடமா?

பதில்: தலையாட்டலை நம்பினீர்களே, அதுதான் கோளாறு. அந்த நிமிடம் கூடவே வர முடிகிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து எழுதியதுதான்: மறதி ஆரம்பத்தில் மளமளவென்று நடக்கிறது, அப்புறம் நிதானமாகிறது. அதனால் நான் வகுப்பை மூன்று கேள்வியோடு தொடங்குவேன். ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. புத்தகம் மூடியிருக்க வேண்டும், மார்க் கிடையாது.

கேள்வி: அதற்குப் பதில் நானே இன்னொரு முறை நடத்திவிட்டால் நேரம் மிச்சமாகுமே?

பதில்: ஆகும், ஆனால் தங்காது. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரே சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதியவர்கள் 71 தான். ஒரு வாரம் கழித்து? படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. நினைவிலிருந்து தோண்டி எடுக்கும் அந்தச் சிரமம்தான் வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கு இது பிடிக்காது, திருப்பிப் படிப்பதுதான் சுகமாக இருக்கும்.

கேள்வி: பலகையில் படிப்படியாகப் போட்டும் பின்னக் கணக்கில் குழம்புகிறார்கள்.

பதில்: ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 1/3 + 1/4. மூநான்கு எத்தனை என்று விரல் விட்டு எண்ணிப் பன்னிரண்டுக்கு வருவதற்குள், எதற்காகப் பெருக்கினோம் என்பதே மறந்திருக்கும். செயல்படு நினைவு, அதாவது வேலை செய்யும்போது விவரங்களை மனதில் பிடித்து வைத்திருக்கும் நினைவு, ஒரே நேரத்தில் தாங்குவது சுமார் நான்கு விஷயம்தான். அதில் வாய்ப்பாடே இடத்தை அடைத்துக்கொண்டால் பின்னத்துக்கு எங்கே இடம்? மனப்பாடத்தை ஏளனம் செய்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். முதலில் முழுவதும் போட்டு முடித்த கணக்கைக் கொடுங்கள், அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் விடுங்கள், அதற்கடுத்ததில் கடைசி இரண்டை, இப்படியே குறைத்துக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு மட்டும் இது வேண்டாம், அதற்கு இடைஞ்சல்தான். அப்புறம், அவர்கள் பார்த்து எழுதும்போது நீங்கள் பேசாதீர்கள் (நான் பல வருடம் செய்த தவறு).

கேள்வி: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து நடத்தலாமா?

பதில்: வேண்டாம். அப்படிப் பிரித்தால் பலன் உண்டு என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று 2008-லேயே ஆய்வாளர்கள் அலசிச் சொல்லிவிட்டார்கள். வரைபடம் எல்லோருக்கும் கண்ணால்தான், உச்சரிப்பு எல்லோருக்கும் காதால்தான்.

கேள்வி: கேள்வி கேட்டால் நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள், மற்றவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள்.

பதில்: கை தூக்கச் சொல்லாதீர்கள். கேள்வியைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள், எல்லோரும் துண்டுத்தாளில் எழுதட்டும், அதற்குப் பிறகு யாரையாவது கூப்பிடுங்கள். வெறும் தாளோடு இருக்கும் பிள்ளைக்கு விடையின் முதல் எழுத்தைச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு அதுவே போதும்.