அக்கா மீட்டு வந்த தம்பி

அன்புள்ள அக்கா,

வணக்கம். என் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். மூத்தவள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பள்ளிக்கூடத்தில் என்றைக்கும் அவள்தான் முதல். ஊரில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். இவன் கொஞ்சம் ஒதுங்கிப் போகிற பையன். பாடப்புத்தகம் தவிர வேறு எதையும் தொடாதவன், இப்போது ஜூலி ககாவா எழுதிய ‘தி லாஸ்ட் பிரின்ஸ்’ என்ற ஆங்கில நாவலை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறான். நானும் ஒரு நாற்பது பக்கம் புரட்டினேன். தேவதைகள் வருகிற கதை. நாயகன் 17 வயதுப் பையன், யார் வந்து பேசினாலும் எரிந்து விழுகிறான். வேறொரு தொடர் நன்றாக விற்றதால் அதில் வரும் நாயகியின் தம்பியை வைத்து எழுதிய ஸ்பின்-ஆஃப் இது என்று தெரிந்தது. இந்த வயதில் தேவதைக் கதையா, அதிலும் வியாபாரத்துக்காக இழுத்த கதையா என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது. இவனை நல்ல இலக்கியத்தின் பக்கம் எப்படித் திருப்புவது? இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முதல் தொடரையும் நான் படித்தாக வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

திருப்ப வேண்டாம். ஒரு பையன் ஒரு நாவலை மூன்று முறை படிக்கிறான் என்றால் அதில் அவனுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது. அது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நானும் அந்த நாவலைப் படித்தவள், எனக்குப் பிடித்த நாவலும்கூட.

முதலில் ‘தேவதை’ என்ற சொல்லைத் தள்ளி வைத்துவிடுவோம். தேவதை என்றதும் நமக்கு வெள்ளை உடையும் சிறகும் மந்திரக்கோலும்தான் ஞாபகம் வருகின்றன. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கிராமத்து ஜனங்கள் நம்பிய ஃபேரிகள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் பெயரைச் சொல்லவே பயந்து ‘நல்ல ஜனங்கள்’, ‘நல்ல அண்டைவீட்டார்’ என்று சொல்வார்கள். நாம் நல்ல பாம்பு என்று சொல்கிறோமே, அந்த ‘நல்ல’தான். பாலைக் கெடுப்பார்கள், மாட்டை முடக்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தொட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அதே முகத்தோடு நோஞ்சானாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பயந்து தொட்டிலின் மேல் இரும்பு இடுக்கியைக் குறுக்காக வைத்தார்கள். இரும்பு என்றால் அவர்களுக்கு ஆகாது.

இதெல்லாம் பாட்டி கதை என்று விட்டுவிட முடியாது. 1895 மார்ச்சில் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில், பாலிவாட்லி என்ற சிற்றூரில், பிரிஜெட் கிளியரி என்ற இளம்பெண் காய்ச்சலில் படுத்தாள். அவளுடைய கணவன் மைக்கேல் பீப்பாய் செய்கிற தொழிலாளி. படுத்திருப்பது தன் மனைவி இல்லை, அவளைக் கொண்டுபோய்விட்டு வேறொன்றைப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று அவன் நம்பினான். மூலிகையைப் பாலில் காய்ச்சி வலுக்கட்டாயமாகப் புகட்டினார்கள். நீ யார் சொல், பெயரைச் சொல் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சொந்த அப்பாவும் அத்தை மகன்களும் கூட இருந்தார்கள். கடைசியில் அவள் எரிந்து செத்தாள். அதற்குப் பிறகும் அந்த மனிதன் பக்கத்திலிருந்த பழைய மண்கோட்டைக்குப் போய் இரவில் காத்திருந்தான். உண்மையான பிரிஜெட் வெள்ளைக் குதிரையில் வருவாள், இழுத்து மீட்டுவிடலாம் என்பது அவன் நம்பிக்கை. 15 வருஷம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தான்.

அந்த வெள்ளைக் குதிரை எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்தில் டாம் லின் என்று ஒரு கதைப்பாட்டு உண்டு. 1549-லேயே அதன் பெயர் ஒரு நூலில் வந்துவிட்டது. ஃபேரி ராணி பிடித்து வைத்திருக்கும் டாம் லினை ஜேனட் என்ற பெண் மீட்கிறாள். ஹாலோவீன் இரவில் ராணியின் பரிவாரம் நாற்சந்தியைக் கடக்கிறது. கறுப்புக் குதிரையை விட்டுவிடு, பழுப்புக் குதிரையையும் விட்டுவிடு, வெள்ளைக் குதிரையில் வருகிறவனை இழுத்துக் கீழே தள்ளு என்று அவன் முன்பே சொல்லி வைத்திருக்கிறான். இழுத்துப் பிடிக்கிறாள். அவள் கைக்குள்ளேயே அவன் பாம்பாகிறான், கரடியாகிறான், சிங்கமாகிறான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிறான். அவள் விடவில்லை. கடைசியில் வெற்றுடம்போடு மனிதனாகிறான். தன் பச்சை மேலாடையால் மூடிக்கொள்கிறாள். புதருக்குள்ளிருந்து ராணி கத்துகிறாள்: இது முன்பே தெரிந்திருந்தால் உன் இரண்டு கண்ணையும் பிடுங்கிவிட்டு மரக்கண் வைத்திருப்பேனே!

அதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. எனக்கு இந்த இடம்தான் ஓயாமல் மனதில் ஓடும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு டாம் லின் அப்புறம் எப்படி வாழ்ந்தான்? அவன் பார்த்துவிட்டானே. மறுநாள் காலையில் எழுந்து கஞ்சி குடித்திருப்பான், ஆட்டை ஓட்டியிருப்பான். நாற்சந்தியைக் கடக்கும்போதெல்லாம் என்ன செய்திருப்பான்? மீட்டவளைப் பற்றித்தான் பாட்டு. மீட்கப்பட்டவனை வீட்டு வாசலில் விட்டதும் அதற்கு வேலை முடிந்தது.

இது எனக்கு இவ்வளவு உறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆறு வயதில் தேர்த்திருவிழாவில் நான் தொலைந்து போனேன். இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அது அம்மாவின் கதைதான். எப்படி ஓடினாள், எந்தச் சாமிக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள், யார் யார் தேடினார்கள், எல்லாம் வரும். “அப்புறம் கெடைச்சுட்டா” என்றதும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது கால்கள். ஒரு வளையல்கார அம்மா என்னைத் தன் மரப்பெட்டிக்கு அடியில் உட்காரவைத்து மடியில் பொரி கொட்டினாள். அங்கிருந்து பார்த்தால் கால்கள் மட்டும்தான் தெரியும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான கால்கள், ஒன்றுகூட எனக்குத் தெரிந்த கால் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு ரொம்ப நாள், எல்லோரும் தூங்கினதும் எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன். அங்கே என்ன பார்த்தாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கிடைத்துவிட்டேனே, இனிமேல் கேட்க என்ன இருக்கிறது?

ககாவாவின் முதல் தொடரில் ஈத்தன் சேஸ் அப்படிக் கிடைத்துவிட்ட குழந்தைதான். 2010-இல் வந்த ‘தி அயர்ன் கிங்’ நாவலில் அவனுக்கு 4 வயது. அவனைத் தூக்கிக்கொண்டு போய் மாற்றுக் குழந்தை ஒன்றை வீட்டில் விட்டுவிடுகிறார்கள். 16 வயது அக்கா மெகன் அந்த உலகத்துக்குள் போகிறாள். தான் ஃபேரி அரசன் ஓபரானின் மகள் என்று தெரிந்துகொள்கிறாள். தம்பியை மீட்டு வீட்டில் சேர்க்கிறாள். தான் கொடுத்த வாக்குக்காகத் திரும்பவும் கிளம்பிப் போகிறாள். அந்தத் தொடர் அவளோடு போகிறது, அவள் இரும்பு ராஜ்யத்தின் ராணியாகிறாள். தம்பி லூயிசியானாவில் அம்மா அப்பாவோடு இருக்கிறான், அவ்வளவுதான். 2012-இல் வந்த ‘தி லாஸ்ட் பிரின்ஸ்’ அந்தப் பையனிடம் திரும்பி வருகிறது. அவனே கதையைச் சொல்கிறான்.

வியாபாரம் இருக்கத்தான் செய்யும். விற்ற தொடருக்குக் கிளை வைப்பது பதிப்பகங்களின் வழக்கம். ஆனால் கிளைக்கதை நமக்குப் புதிதா? கோவலன் கண்ணகி கதையில் மாதவியின் மகள் ஓரமாக வந்துபோகிற சிறுமி. அவளுக்கென்று தனியாக ஒரு காப்பியம் எழுத வேண்டும் என்று சாத்தனாருக்குத் தோன்றியதே. பெரியவர்கள் செய்துவிட்டுப் போனதன் பாரத்தை இளவயதில் சுமக்கிறவள் மணிமேகலை. கிளைக்கதை நல்லதா கெட்டதா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: முதல் கதை யாரைப் பார்க்காமல் தாண்டிப் போனதோ அந்த ஆளை இது உட்கார்ந்து கேட்கிறதா? ஈத்தன் விஷயத்தில் ககாவா கேட்டிருக்கிறார்.

அவன் எரிந்து விழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். திரும்பி வந்தவனுக்கு ஃபேரிகள் கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கிறார்கள். வகுப்பறை ஜன்னலில், மரக்கிளையில், சாலை ஓரத்தில். நீ பார்க்கிறாய் என்று அவர்களுக்குத் தெரிந்தால் பின்னாலேயே வருவார்கள். அதனால் பார்க்காதது மாதிரி நடக்கப் பழகுகிறான். அவர்கள் செய்யும் வம்பெல்லாம் இவன் தலையில் விழுந்து, பள்ளி மாற்றி வருகிறான். நட்பாகப் பேச வருகிறவர்களைக் கடுகடுத்து விரட்டுவது, தன்னோடு இருந்தால் அவர்களுக்கும் ஆபத்து வரும் என்பதால்தான். சாயங்காலமானால் பிலிப்பைன்ஸ் தற்காப்புக் கலையான காலியைப் பயில்கிறான். இரண்டு பிரம்புக் கம்புகள், அப்புறம் கத்திகள். ‘இன்னொரு முறை என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாது’ என்று உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கிற பயிற்சி அது. வீட்டில் அம்மா அவன் முகத்தைப் பார்த்தே பயப்படுகிறாள். காப்பாற்றிய அக்காவோ வருவதில்லை. அவள் மேல் அவனுக்குக் கோபமும் ஏக்கமும் ஒன்றாகக் கிடக்கின்றன. நன்றி சொல்ல வேண்டிய ஆள்மேல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த நாவல் நன்றாகச் சொல்கிறது.

அந்தப் பக்கம் போனால் இன்னொன்று காத்திருக்கிறது. அக்காவுக்குக் கீரன் என்று ஒரு மகன் இருக்கிறான், ஈத்தன் வயதே இருக்கும். அங்கே காலம் வேறு மாதிரி ஓடுகிறது. அயர்லாந்துக் கதையில் ஆஷீன் கொஞ்ச காலம் அங்கே இருந்துவிட்டு வந்ததாக நினைக்கிறான், இங்கே 300 வருஷம் போயிருக்கிறது. மண்ணில் உடம்பு பட்டதும் கிழவனாகிவிடுகிறான். அந்தப் பழைய கணக்கை ககாவா ஒரு குடும்பத்துக்குள் கொண்டுவந்து வைக்கிறார். தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே வயது, ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அக்கா தன்னை விட்டு எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று ஈத்தனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எதிரே நிற்கிற பையனைப் பார்த்தாலே போதும். ஆங்கில வாசகர்களுக்கு இது வேடிக்கையான திருப்பமாக இருக்கலாம். தாய்மாமன் என்ற உறவின் கனம் தெரிந்த நமக்கு அந்தக் காட்சி கூடுதலாக வலிக்கும்.

இதில் எதிரிகளாக வருகிறவர்களின் பெயர் ‘மறக்கப்பட்டவர்கள்’. மனிதர்கள் நினைக்கிறவரைதான் ஃபேரிகளுக்கு உயிர். பெயர் மறந்து, கதை மறந்து, ஒன்றுமில்லாமல் கரைந்துபோனவர்கள் திரும்பி வந்து, பாதி மனிதராகப் பிறந்த பிள்ளைகளின் மாயசக்தியை உறிஞ்சுகிறார்கள். ஈத்தனின் பள்ளியில் படிக்கும் அப்படி ஒரு பையன் பயந்துபோய் அவனிடம் அடைக்கலம் கேட்டு வருகிறான், அப்புறம் காணாமல் போகிறான். அதுதான் ஈத்தனைத் தன் ஓட்டை விட்டு வெளியே இழுக்கிறது. கதையிலிருந்து கழற்றி விடப்பட்ட பையனும், கதையே இல்லாமல் போனவர்களும் நேருக்கு நேர் நிற்கும் இடங்களில் நாவல் உயரத்துக்குப் போகிறது.

குறைகளும் உண்டு. காதல் அவசரமாக முளைக்கிறது. ஆனால் அந்தப் பெண் கென்ஸி பரவாயில்லை. ரத்தப்புற்றோடு வாழ்கிறவள், யாருடைய பரிதாபமும் வேண்டாம் என்கிறவள். 2015-இல் மூன்றாம் பாகத்தோடு கதை முடிகிறது. அதுவரை கூடவே வருகிற தீர்க்கதரிசனம் என்ற உத்தி எனக்கு ஒப்பவில்லை. பையனின் கோபத்திலிருந்தே நடக்க வேண்டியதை விதி நடத்திக் கொடுத்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகனைப் பற்றிக் கேட்க எழுதிய கடிதம், இரண்டாவது வரியிலேயே மகளிடம் போய்விட்டது. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன், பெருமைப்பட வேண்டிய மகள். ஆனால் வீட்டில் ஒருத்தி ராணியாகிவிட்டால் அவளுடைய தம்பிக்கு எந்த வாசலுக்குப் போனாலும் “நீ அவளோட தம்பியா” என்ற கேள்வி இருக்கும். உங்கள் மகன் மூன்று முறை படிப்பதற்கு இது காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தக் கம்புச் சண்டை பிடித்திருக்கலாம். அவனிடமே கேட்டுப் பாருங்கள். ‘ஏன் இதைப் படிக்கிறாய்’ என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வான். ‘ஈத்தன் அக்காவை முதல் தடவை பார்க்கும்போது என்ன பேசுகிறான்’ என்று கேளுங்கள், பேசுவான்.

முதல் தொடர் முழுவதும் படிக்க வேண்டியதில்லை. ‘தி அயர்ன் கிங்’ மட்டும் படித்துவிட்டு நேரே இதற்கு வந்துவிடலாம். அதில் ஆரம்பத்திலேயே 4 வயது ஈத்தன் ஒரு துணி முயலைத் தூக்கிக்கொண்டு வந்து, அலமாரிக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று அக்காவிடம் சொல்வான். அவளுக்கு அன்றைக்கு வேறு ஆயிரம் கவலை. அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ‘தி லாஸ்ட் பிரின்ஸ்’ வேறு பிரதி வாங்காதீர்கள். மூன்றாவது முறை முடித்ததும் மகனிடமே இரவல் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா