தங்கக் கழுவுநீர்: பாக்டீரியாவா, கரியா?

கேள்வி: கோவையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) தங்கம் பிரித்தபின் வரும் கழுவுநீரில் பாக்டீரியா படலம் வளர்த்தால் மிச்சத் தங்கத்தைப் பிடிக்கலாம் என்கிறார்கள். முயலலாமா? முலாம் தண்ணீரையும் அதே தொட்டியில் விடலாமா?

பதில்: முலாம் தண்ணீரை அதில் விடவே விடாதீர்கள். அதிலுள்ள சயனைடு, கழுவுநீரின் அமிலத்தோடு சேர்ந்தால் ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும்.

ராஜதிராவக நீரில் தங்கம் குளோரைடாகக் கரைந்திருக்கும். அது பாக்டீரியாவுக்கு நஞ்சு. ஆஸ்திரேலியத் தங்கத் துகள்களின் மேல் படிந்த படலங்களில் கிடைத்த இரண்டு இனங்கள் இதைச் சமாளிக்கின்றன. குப்ரியாவிடஸ் மெட்டாலிடூரன்ஸ் அதை நுண்ணிய உலோகத் துகளாக்கும். டெல்ஃப்டியா அசிடோவோரன்ஸ், டெல்ஃப்டிபாக்டின் என்ற பொருளைச் சுரந்து செல்லுக்கு வெளியிலேயே படியவைக்கும்; கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013இல் இதைக் காட்டினார்கள்.

சிக்கல் உங்கள் தண்ணீரில்தான். படலத்துக்குப் பிஎச் (அமில, கார அளவு) 7 வாக்கில், அதாவது நடுநிலையில், வேண்டும். உங்களுடையது கடும் அமிலம். நகைத் தங்கத்திலிருந்து வரும் செம்பும் இருக்கும். தங்கமும் செம்பும் சேர்ந்தால் நச்சு இன்னும் ஏறும். காஸ்டிக் சோடா விட்டுப் பிஎச் ஏற்றினால் செம்பு வண்டலாக இறங்கும், ஆனால் கொஞ்சம் தங்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அம்மோனியாவால் நடுநிலையாக்கவே வேண்டாம்: அதில் உண்டாகும் தங்கச் சேர்மம் காய்ந்தால் வெடிக்கும். தங்கம் இறக்கப் போட்ட மெட்டாபைசல்பைட்டில் மிஞ்சியதும் பாக்டீரியாவைக் கொல்லும். ஊறுகாய் கெடாமல் இருக்கப் போடும் சரக்குதானே அது!

ஆகவே உங்கள் அளவுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்ற உறிஞ்சும் கரி போதும். அமிலமும் செம்பும் அதற்குப் பொருட்டில்லை. முதலில் சல்ஃபாமிக் அமிலம் போட்டுச் சூடாக்கி நைட்ரிக் அமிலத்தை முறியுங்கள். அது மிஞ்சினால் பிடித்த தங்கம் மறுபடி கரையும். வெள்ளி குளோரைடு வெண்வண்டலை வடிகட்டி, தண்ணீரைக் கரிக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். வேகமாக விட்டால் தங்கம் தப்பிவிடும்.

வெளிவரும் நீரில் ஒரு சொட்டை வடிதாளில் வைத்து, ஸ்டேனஸ் குளோரைடு (வெள்ளீய உப்பு) கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். ஊதா தெரிந்தால் தங்கம் போகிறது என்று பொருள். ஸ்டேனஸ் கரைசல் பழையதானால் நிறமே காட்டாது. புட்டியில் வெள்ளீயத் துண்டு ஒன்று போட்டுவையுங்கள். தங்கம் இருப்பது தெரிந்த நீரில் ஒருமுறை சோதித்துவிட்டே நம்புங்கள்.

லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 500 லிட்டரில் 1 கிராம். அந்த அளவாவது கிடைத்தால்தான் கரிச் செலவு கட்டும். கரியை மெதுவாக எரியுங்கள். காற்று ஊதினால் சாம்பலோடு தங்கமும் பறக்கும். பிறகு சாம்பலை வெங்காரம் சேர்த்து உருக்கிக்கொள்ளலாம்.