ஃப்ரோசன் பாக்கெட்டின் பின்பக்கம்: கேள்வி பதில்

ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சூடாக்கிச் சாப்பிடும் உணவுகளின் சத்து, சேர்மானங்கள் பற்றி வந்த கேள்விகளும், உணவுத் தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் தந்த பதில்களும்.

கேள்வி: மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்றால் ப்ரிசர்வேட்டிவ் கொட்டித்தானே இருப்பார்கள்?

பெரும்பாலும் இல்லை. கெடாமல் காப்பது குளிர்தான். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் கிருமிகளால் பெருக முடியாது. ஆனால் அவை சாவதில்லை, முடங்கிக் கிடக்கும். வெறும் பட்டாணி, சோளம் பாக்கெட்டில் சோர்பேட் (லேபிளில் 200 முதல் 203), பென்சோயேட் (210 முதல் 213) போன்ற ப்ரிசர்வேட்டிவ்கள் இருக்கத் தேவையே இல்லை. பீட்சா மாதிரி கலவை உணவில் அந்த எண்கள் தெரிந்தால், சாஸ், சீஸ் போன்ற துணைப்பொருளோடு சேர்ந்து உள்ளே வந்திருக்கும்.

குளிரால் தடுக்க முடியாத சங்கடங்கள் வேறு. பனிப்படிகம் திசுவைக் கிழித்து நீர் வடியும். கொழுப்பு மெல்ல மெல்லச் சிக்கு வாடை அடிக்கும். சாஸ் தண்ணீர் விடும். நிறம் மங்கும். எண் போட்டு வரும் சேர்மானங்களில் பெரும்பகுதி இவற்றைச் சமாளிக்கத்தான்.

கேள்வி: ஒரே பாக்கெட்டில் எட்டுப் பத்து எண்கள். எதைப் பார்த்துப் பயப்படுவது, எதை விடுவது?

எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வெறும் பட்டியல் எண். 100 வரிசை நிறமிகள், 200 வரிசை பதப்படுத்திகள், 300 வரிசையில் கொழுப்பு கெடாமல் காப்பவையும் புளிப்பைச் சரிசெய்பவையும், 400 வரிசை கெட்டியாக்கிகளும் எண்ணெய்-நீர் பிரியாமல் பிடிப்பவையும், 600 வரிசை சுவைகூட்டிகள். 300 என்பது வைட்டமின் சி. 330 எலுமிச்சையில் உள்ள அதே சிட்ரிக் அமிலம். 412 கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசை.

எண்களுக்கு முன்னால் வரும் வரிகளைப் பாருங்கள். பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்கு வரிசையில் இருக்கும். கோழி என்று பெயர் வைத்த பாக்கெட்டில் மாவும் எண்ணெயும் தண்ணீரும் முன்னுக்கு வந்தால், கடைசியில் இருக்கும் 415-ஐப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. சராசரி ஆரோக்கியம் உள்ள ஒருவருக்கு இந்த உணவுகளில் கெடுதல் செய்வது பெரும்பாலும் உப்பு, கொழுப்பு, அளவு இந்த மூன்றும்தான். சேர்மானங்கள் குறிப்பிட்ட சிலருக்குப் பெரிய விஷயம். அவர்களும் கீழே கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு பி.பி. இருக்கிறது. "ஒரு பரிமாறலில் சோடியம் 520 மில்லிகிராம்" என்று போட்டிருக்கிறது. இது அதிகமா?

முதலில் ஒரு பரிமாறல் எத்தனை கிராம் என்று பாருங்கள். வேலையே அங்கேதான் நடக்கிறது. 400 கிராம் பீட்சாவில் ஒரு பரிமாறல் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஒருவரே சாப்பிட்டால் 520 x 4 = 2080 மில்லிகிராம் சோடியம். இதை 2.5-ஆல் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும்: 5.2 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் மேல்வரம்பு நாளுக்கு 2000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. ஒரே வேளையில் ஒரு நாள் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது.

கடையில் நின்று ஒப்பிட 100 கிராம் கணக்கை மட்டும் பயன்படுத்துங்கள். 100 கிராமில் 120 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருந்தால் குறைவு, 600-ஐத் தாண்டினால் அதிகம். நாக்கை நம்பாதீர்கள். இனிப்பும் புளிப்பும் சேர்ந்த சாஸில் உப்பு தெரியவே தெரியாது.

கேள்வி: உறைந்த இறால் ஒரு கிலோ வாங்கினால், வாணலியில் தண்ணீராய் விட்டுப் பாதியாகச் சுருங்குகிறது. ஏமாற்றுகிறார்களா?

இரண்டு தண்ணீர் இருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது மேலே பூசிய பனிப்படலம். இறாலை உறைய வைத்தபின் குளிர்ந்த நீரில் முக்கி எடுப்பார்கள். அந்த மெல்லிய பனி ஓடு காற்றுப் படாமல், காய்ந்து வெளுத்துப் போகாமல் காக்கிறது. இது தேவையானதுதான், ஆனால் நிகர எடையில் இதைச் சேர்க்கக் கூடாது. சோதிப்பது எளிது. பாக்கெட்டில் இருப்பதை எடை போடுங்கள், சல்லடையில் கொட்டிக் குளிர்ந்த குழாய் நீரில் பனி போகும் வரை மட்டும் காட்டுங்கள். சதை உறைந்தே இருக்க வேண்டும். துணியால் ஒற்றி மறுபடி எடை போடுங்கள். இந்த இரண்டாவது எடைதான் பாக்கெட்டில் போட்ட நிகர எடையோடு ஒத்துவர வேண்டும்.

இரண்டாவது தண்ணீர் சதைக்குள் இருக்கிறது. 451, 452 என்ற பாஸ்பேட்டுகள் கலந்த நீரில் ஊறப்போட்டால் தசைப்புரதம் விரிந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். அளவோடு செய்தால் நல்ல தொழில்நுட்பம், பனி விடும்போது சாறு வடியாமல் சதை மிருதுவாக இருக்கும். அளவு மீறினால் எடைக்குத் தண்ணீரை விற்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட இறால் பச்சையிலேயே கண்ணாடிபோல் இருக்கும், தொட்டால் வழுவழுக்கும், வெந்தபின் ரப்பர் மாதிரி துள்ளும், சில சமயம் லேசான சோப்பு ருசி வரும். இந்த நீர் மேலே சொன்ன சல்லடைச் சோதனையில் பிடிபடாது, சூட்டில்தான் வெளியே வரும்.

லேபிளிலேயே ஒரு துப்பு இருக்கிறது. எதுவும் சேர்க்காத பச்சை இறாலில் 100 கிராமுக்குச் சுமார் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கும். லேபிளில் 13, 14 என்று இருந்து, சோடியமும் தூக்கலாக இருந்தால் மீதியைத் தண்ணீர் நிரப்பியிருக்கிறது. உறைந்த கோழி நெஞ்சுத் துண்டுக்கும் இதே கணக்குதான். எதுவும் சேர்க்காததில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகப் பாதிப்பு. பாஸ்பரஸ் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன பாஸ்பேட் அவருக்கு ஆகுமா, மேடம்?

அவருக்கு இது முக்கியம். உணவில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ பாதிதான் உடம்பில் சேரும், பருப்பு, தானியங்களில் இன்னும் குறைவு. சேர்மானமாகப் போடும் பாஸ்பேட் உப்புகள் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். சத்து அட்டவணையில் பாஸ்பரஸ் பெரும்பாலும் இருக்காது. ஆகவே சேர்மானப் பட்டியலில் 338 முதல் 341 வரையும், 450, 451, 452 எண்களையும் தேடுங்கள். இருந்தால் தவிர்ப்பதே நல்லது.

இன்னொன்று, பலர் தவறவிடுவது: "சோடியம் குறைவு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆசையாக வாங்கிவிடுவார்கள். உப்புக்குப் பதில் 508, அதாவது பொட்டாசியம் குளோரைடு போட்டிருக்கலாம். பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு அது ஆபத்து. சந்தேகம் வந்தால் பாக்கெட்டைப் படம் எடுத்து அவருடைய டயட்டீஷியனிடம் காட்டுங்கள்.

கேள்வி: உறைந்த உருளைக்கிழங்கு ஃப்ரைஸில் 450-ம் டெக்ஸ்ட்ரோஸும் எதற்கு? கிழங்கும் எண்ணெயும் போதாதா?

கிழங்கு வெந்தபின் அதிலுள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்து சாம்பல் நிறம் கொடுக்கும். 450 அந்த இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை எல்லாத் துண்டும் ஒரே பொன்னிறமாகச் சிவக்க. இரண்டுமே சிறிய அளவு.

இங்கே கவனிக்க வேண்டியது நம் சமையல்தான். இந்தத் துண்டுகள் ஏற்கெனவே அரைப்பதமாகப் பொரித்தவை, எண்ணெய் உள்ளேயே இருக்கிறது. ஏர்ஃப்ரையரில் போட்டு மேலே இன்னும் எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. மாவுச்சத்துள்ள பொருள் 120 டிகிரிக்கு மேல் காய்ந்து சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற, புற்றுநோய் உண்டாக்கலாம் எனக் கருதப்படும் பொருள் உண்டாகிறது. சிவக்கச் சிவக்கக் கூடும். எண்ணெயை 175 டிகிரிக்கு மேல் ஏற்றாமல், பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். பனியை விடவைக்காமல் நேராகப் போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெய்ச் சூடு சரிந்து, துண்டு மொறுமொறுப்பாகாமல் எண்ணெயைக் குடிக்கும்.

கேள்வி: வீட்டில் சோளமாவு போட்டுச் செய்த வெள்ளை சாஸ் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் தண்ணீரும் பஞ்சுமாகப் பிரிகிறது. பாக்கெட் உணவில் பிரிவதில்லையே, என்ன போடுகிறார்கள்?

மாற்றியமைத்த ஸ்டார்ச். லேபிளில் 1422 அல்லது 1442 என்று இருக்கும். சாதாரணச் சோளமாவு வெந்து விரிந்தபின் உறைந்தால், அதன் சங்கிலிகள் மறுபடி ஒன்றோடொன்று ஒட்டி நீரைப் பிழிந்து தள்ளும். மாற்றியமைத்ததில் அந்த ஒட்டல் தடுக்கப்பட்டிருக்கிறது. மற்றபடி அதுவும் மாவுச்சத்துதான். சர்க்கரை நோயாளிகள் மொத்த கார்போஹைட்ரேட்டில் சேர்த்தே கணக்கிட வேண்டும். வீட்டில் சோளமாவுக்குப் பதில் ஒட்டும் அரிசி மாவு போட்டுப் பாருங்கள், பிரிவது வெகுவாகக் குறையும்.

கேள்வி: நான் சுத்த சைவம். பச்சைக் குறி இல்லாத வெளிநாட்டு பாக்கெட்டில் எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

120 கார்மைன், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. தவிர்த்துவிடுங்கள். 471, 627, 631 இவை தாவரமாகவும் இருக்கலாம், விலங்காகவும் இருக்கலாம். எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. "தாவர மூலம்" என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: பையனுக்குத் தினமும் உறைந்த சாசேஜ் கொடுத்து அனுப்புகிறேன். 250 என்று இருக்கிறது. பரவாயில்லையா அக்கா?

தினமும் வேண்டாம். 250 என்பது சோடியம் நைட்ரைட். இளஞ்சிவப்பு நிறத்துக்கும், அந்தத் தனி ருசிக்கும், பாட்டுலிசம் என்ற கடும் உணவு நச்சு நோயைத் தரும் கிருமியைத் தடுக்கவும் சேர்க்கிறார்கள். பதப்படுத்திய இறைச்சியை 2015-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், வைத்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணிப்பு. இருக்கும் அபாயத்தின் மீது 18 சதவீதம், நூறில் 18 பேருக்கு வரும் என்பதல்ல. எப்போதாவது ஒரு நாள் கொடுத்ததற்காகக் கலங்க வேண்டாம். "நைட்ரைட் சேர்க்கவில்லை" என்று போட்டு செலரிச் சாறு சேர்த்திருந்தால் ஏமாறவும் வேண்டாம், அதிலிருந்து வருவதும் நைட்ரைட்தான்.

கேள்வி: 621?

அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் மோனோசோடியம் குளூட்டமேட். தலைவலி வருகிறது என்பவர்களுக்கு, எதில் அது இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துச் சோதித்த ஆய்வுகளில் ஒரே மாதிரியான முடிவு வரவில்லை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விடுங்கள். அப்போது ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டையும் சேர்த்துப் பாருங்கள், அதிலும் குளூட்டமேட் உண்டு.

கேள்வி: ஆஸ்துமா இருப்பவர்கள்?

220 முதல் 228 வரை சல்பைட்டுகள். இறால் கறுக்காமலிருக்க 223 சேர்ப்பது வழக்கம். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு இது மூச்சுத்திணறலைக் கிளப்பும்.

கேள்வி: பட்டாணியைப் பனி விட்டதும் அப்படியே சாலடில் போடலாமா? சத்து எல்லாம் போய்விடும் என்கிறார்களே?

சத்து அவ்வளவாகப் போகாது. நொதிகளை முடக்க வெந்நீரில் ஒரு கணம் காட்டி எடுக்கும்போது வைட்டமின் சி கொஞ்சம் கரையும், அதன்பின் இழப்பு மெதுவாகவே நடக்கும். பறித்துப் பல நாள் கிடந்த பச்சைப் பட்டாணிக்கு இது குறைந்ததல்ல.

ஆனால் பச்சையாகப் போடாதீர்கள். அந்த வெந்நீர்க் குளியல் சமையல் அல்ல. உறைந்த சோளத்திலிருந்து பரவிய லிஸ்டீரியா என்ற கிருமியால் ஐரோப்பாவில் 2015 முதல் 2018 வரை 47 பேர் பாதிக்கப்பட்டு 9 பேர் இறந்தார்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இதில் கறாராக இருக்க வேண்டும். ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்துச் சாலடில் போடுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் ஃப்ரீசர் நின்றுவிட்டது. மறுபடி உறைய வைக்கலாமா?

கதவைத் திறக்காமல் இருந்தால் நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம் தாங்கும். உணவில் இன்னும் பனிப்படிகம் இருந்தாலோ, 4 டிகிரிக்குள் இருந்தாலோ மறுபடி உறைய வைக்கலாம். பதம் கொஞ்சம் கெடும், ஆபத்தில்லை. இறைச்சி, மீன், சமைத்த உணவு 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், முகர்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கடையில் வாங்கும்போதும் பட்டாணி பாக்கெட்டைக் குலுக்குங்கள். மணி மணியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் வழியில் எங்கோ பனி விட்டு மறுபடி உறைந்திருக்கலாம், அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள்.